பரஸ்தானம் போன நீலப் பை

பரஸ்தானம் என்றால் என்னவென்று தெரியாமல் வாழ்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஊருக்குக் கிளம்புகிற நாள் நல்ல நாளாக இல்லாவிட்டால், அதற்கு முன்னால் வருகிற ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், நம் பை ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பை கிளம்பிவிட்டதால் நாமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு அஷ்டமியானாலும் நவமியானாலும் நம்மை ஒன்றும் செய்யாது. பஞ்சாங்கத்தை ஏமாற்றப் பஞ்சாங்கக்காரர்களே கண்டுபிடித்த வழி இது. என் அத்திம்பேர் இதில் கரை கண்டவர்.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்கள் குடும்பத்தின் சுற்றுலாத் துறை அவர் கையில். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டார். எந்த ஊருக்குக் கிளம்பினாலும் கடைசியில் ஒரு கோயில் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிற திறமை அவருக்கு உண்டு. கொடைக்கானல் என்று சொல்லிக் கிளம்பினோம், பழனியில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். "இதுவும் மலைதானே" என்றார். கன்னியாகுமரிக்குச் சூரிய உதயம் பார்க்கப் போனோம். அன்று காலை நல்ல டிகிரி காப்பி எங்கே கிடைக்கும் என்று தேடி ஊரெல்லாம் சுற்றினோம். காப்பி கிடைத்தபோது சூரியன் நடு வானத்துக்கு வந்துவிட்டிருந்தது. மைசூரில் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தோம், பட்டுப் புடவைக் கடையை உள்ளேயிருந்து பார்த்தோம்.

இத்தனைக்கும் திரும்பி வந்தவுடன் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எழுதுவார்கள், மறக்க முடியாத பயணம் என்று. நானும்தான் எழுதியிருக்கிறேன், இரண்டு கைகூப்பும் பொம்மைகளோடு. உண்மையில் எதை மறக்க முடியாது என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்போம்.

இந்தக் கூட்டத்தில் உண்மையாகவே ஓர் ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் என் தங்கை ஒருத்திதான். ஐம்பது வயது தாண்டியவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மந்தைவெளியில் அப்பா அம்மா இருந்த அதே வீட்டில் இருக்கிறாள். அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், பிறகு படுத்த படுக்கையான அம்மாவையும் பார்த்துக்கொண்டாள். அக்கா மயிலாப்பூரிலிருந்தும் நான் தி.நகரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பழமும் யோசனையும் வாங்கிக்கொண்டு போவோம். பழத்தை வைத்துவிட்டு, யோசனையைச் சொல்லிவிட்டு, அவள் போட்டுக் கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு வருவோம். அந்த வருடங்களில் அவள் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை.

அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகிற மலை ரயிலில் ஏற வேண்டும். சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா போன மறு வருடம், முன்பதிவு திறக்கிற காலையில் போனும் கையுமாக உட்கார்ந்து ஆறு பேருக்கும் டிக்கெட் எடுத்தாள். மேட்டுப்பாளையத்தில் தங்க லாட்ஜ் பிடித்தவளும் அவள்தான், வேனுக்குச் சொன்னவளும் அவள்தான். அத்திம்பேர் செய்தது தலைமை தாங்கியது மட்டும். ஆறு பேர் என்றால் அத்திம்பேர், அக்கா, நான், என் கணவர், தங்கை, பிறகு அத்திம்பேரின் நண்பர் ஒருவர். அந்த நண்பர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். தி.நகரில் பாத்திரக் கடை, அடையாறில் வீடு, மனைவியை இழந்தவர். யோகா வகுப்பில் அத்திம்பேரிடம் மாட்டிக்கொண்டவர்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அத்திம்பேர் பஞ்சாங்கத்தைத் திறந்தார். நாங்கள் வேனில் கிளம்ப வேண்டிய புதன்கிழமை அஷ்டமி. ரயில் ஏற வேண்டிய வியாழக்கிழமை நவமி. ரயில்வேக்காரர்கள் திதி பார்த்து டிக்கெட் விற்பதில்லை என்பதில் அவருக்கு உண்மையான வருத்தம். உடனே பரஸ்தானம் என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் நல்ல நேரம். பை போக வேண்டியது தெற்குப் பக்கம், ஏனென்றால் நாங்கள் போகிற திசை அது. அடையாறு நண்பரின் வீடு அமைந்துவிட்டது.

யாருடைய பை போக வேண்டும் என்பதில் மட்டும் விவாதமே நடக்கவில்லை. அத்திம்பேரும் அக்காவும் ஆட்டோ வைத்துக்கொண்டு நேராக மந்தைவெளிக்குப் போய் இறங்கினார்கள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன்.

"உன் பையக் குடு. உன்னோடதுதான் தயாரா இருக்கு" என்றார் அத்திம்பேர்.

"அதுல என் மருந்தெல்லாம் இருக்கு அத்திம்பேர். குளிருக்குன்னு டாக்டர் புதுசா எழுதிக் குடுத்த பம்பு இருக்கு. உங்காத்துப் பை ஒண்ண வெச்சுடுங்கோளேன்."

"எங்களோடத இன்னும் அடுக்கவே ஆரம்பிக்கலையே. புதன்கிழமை கார்த்தால அவர் வேன்ல ஏறச்சே உன் பையும் கூடவே ஏறப்போறது. இதுல என்ன கவலை உனக்கு?"

தங்கைக்குக் குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். வாயில் அடித்துக்கொள்கிற அந்தப் பம்பு மருந்து இல்லாமல் அவள் மலை ஏற முடியாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் பைதான் போயிற்று. முன்கூட்டியே அடுக்கி வைத்த குற்றத்துக்காக அந்த நீலப் பை ஆட்டோவில் ஏறி அடையாறு போனது.

புதன்கிழமை காலை ஏழரைக்கு எமகண்டம். அஷ்டமிக்குத்தான் பரஸ்தானம் வைத்தாயிற்றே, எமகண்டத்தை ஏன் பார்க்க வேண்டும் என்று என் கணவர் கேட்டார். அது வேறு, இது வேறு என்றார் அத்திம்பேர். ஏழரைக்குள் அடையாறு பாலத்தைத் தாண்டிவிட்டால் ஊரைத் தாண்டின மாதிரி என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. டிரைவர் பின்னாலேயே நின்றுகொண்டு அவரை விரட்டினார்.

"இன்னா சார், நா இன்னா ஏரோப்ளேனா ஓட்டிக்கினு போறேன்? சிக்னல் கீது, எதிர்ல பஸ் கீது. குந்து சார் நீ" என்றார் டிரைவர். எங்கள் குடும்பத்தில் அத்திம்பேரை உட்காரச் சொன்ன முதல் மனிதர் அவர்தான்.

பாலம் தாண்டியதும் நண்பரின் தெரு. வேன் நின்று நேரத்தைக் கடத்தக் கூடாது என்று அத்திம்பேர் அவரைப் போனில் முன்னதாகவே கீழே வரவழைத்திருந்தார். பாவம், தெருமுனையில் பெட்டியோடு நின்றிருந்தார். வேன் முழுதாக நிற்பதற்குள் அத்திம்பேர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார். "ஏழு இருபத்தஞ்சு! ஜெயிச்சாச்சு!" என்று கத்தினார். நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

தாம்பரம் தாண்டும்போது அக்கா இட்லிப் பொட்டலங்களைப் பிரித்தாள். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. வழியில் எத்தனை ஓட்டல் இருந்தாலும் நாங்கள் வேனுக்குள்தான் சாப்பிடுவோம், வெளியே சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடுமாம். தங்கை கை கழுவத் தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

"சார், என் பைய எந்த சீட்டுக்கு அடில வெச்சேள்?" என்று நண்பரைக் கேட்டாள்.

நண்பரின் வாயில் இட்லி இருந்தது. அதை அவர் விழுங்கக்கூட இல்லை. "ஐயோ! பூசை ரூம்புலல்லா வச்சிருக்கேன்! சாமி காரியமாச்சேன்னு வெளக்குக்குப் பக்கத்துல வச்சி, குங்குமம் எல்லாம் வச்சேன். சார் கீழ வாங்க, கீழ வாங்கன்னு போன்ல அவசரப்படுத்துனதுல வீட்ட பூட்டிட்டு வந்துட்டேனே!"

தங்கை அத்திம்பேரைப் பார்த்தாள். எல்லோரும் அவரைத்தான் பார்த்தோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கிளம்பினவா திரும்பப்படாது. அதுவும் எமகண்டத்துல சுத்தமாப்படாது" என்றார்.

"என் புடவையெல்லாம் இருக்கே, ஒண்ணக் கட்டிக்கோயேன்" என்றாள் அக்கா. தங்கை கேட்டது புடவையை அல்ல என்பது அக்காவுக்குத் தெரியாமல் இல்லை.

"மேட்டுப்பாளையத்துல மருந்துக் கடை இல்லாமலா போயிடும்?" என்றார் என் கணவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"டாக்டர் சீட்டும் அந்தப் பைலதான் இருக்கு. சீட்டு இல்லாம அத எவனும் தரமாட்டான்" என்றாள் தங்கை.

அத்திம்பேர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "சரி, இப்படிப் பண்ணலாம். நீ மேல வராட்டா போறது. உனக்குத்தான் இழுக்குமே, எதுக்கு ரிஸ்க்? கீழ லாட்ஜ்ல ரெஸ்ட் எடு. நாங்க அஞ்சு பேரும் ரயில்ல போயிட்டு வந்துடறோம். முழுக்க வீடியோ எடுத்துண்டு வரேன் உனக்கு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த மனிதரின் தலையில் இட்லிப் பொட்டலத்தைக் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. டிக்கெட் எடுத்தவள் அவள். வருடக்கணக்கில் அந்த ஒரு ரயிலுக்காகக் காத்திருந்தவள் அவள். அவளுக்கு வீடியோ! "திரும்பிப் போய் எடுத்துண்டு வந்தா என்ன குடி முழுகிடும்? கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதானே?" என்று நான் குரலை உயர்த்தினேன். என் கணவர் என் கையை மெதுவாக அழுத்தினார். இருபத்தைந்து வருடங்களாக அந்த அழுத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். நான் அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

பெருங்களத்தூர் வந்தது. "டிரைவர், ஓரமா நிறுத்துங்கோ" என்றாள் தங்கை. நண்பரிடம் கையை நீட்டினாள். "சார், ஆத்துச் சாவியக் குடுங்கோ."

நண்பர் அத்திம்பேரின் முகத்தைப் பார்த்தார், பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"நடுவழியில எறங்கினா உனக்காக யாரும் காத்துண்டிருக்க முடியாது" என்றார் அத்திம்பேர்.

"வேண்டாம். டிக்கெட் என் போன்ல இருக்கு. உங்க எல்லாருக்கும் அனுப்பி வெக்கறேன். நாளைக்குக் கார்த்தால ஸ்டேஷன்ல பாக்கலாம்." சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். குரல்கூட உயரவில்லை.

"மேடம், ரோட்ட தாண்டிக்கினா அந்தாண்ட பஸ் ஸ்டாப்பு கீது" என்றார் டிரைவர். அவள் சாலையைக் கடக்கிறவரை வேனை எடுக்காமல் வைத்திருந்தார். அத்திம்பேர் எமகண்டம், எமகண்டம் என்று முனகிக்கொண்டிருந்தார். நான் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தேன்.

அன்றைய பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சாலையோரம் வேனை நிறுத்திப் புளியோதரை சாப்பிட்டோம். பவானியில் ஒரு கோயில், நடை சாத்தியிருந்தது. திறக்கிறவரை உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் தங்கையிடமிருந்து செய்தி வந்தது, பை கிடைத்தது, ராத்திரி பஸ்ஸில் இடம் கிடைத்தது, டிக்கெட்டை எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன் என்று. "பிடிவாதம். கல்யாணம் காட்சின்னு ஆகியிருந்தா இந்தப் பிடிவாதம் இருக்காது" என்றார் அத்திம்பேர். அக்கா தலையை ஆட்டினாள். அவள் பிடிவாதமாக இருந்ததால்தான் எங்கள் அம்மா படுக்கைப் புண் வராமல் போய்ச் சேர்ந்தாள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை.

சாயங்காலம் லாட்ஜில் அத்திம்பேர் மறுபடி பஞ்சாங்கத்தைத் திறந்தார். வியாழக்கிழமை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை எமகண்டம். ரயில் ஏழு பத்துக்கு. அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு வழக்கமான வெளிச்சம் வந்தது. ஆறு மணிக்குள் எல்லாப் பைகளையும் வேனில் ஏற்றிவிட்டால் கிளம்பினதாக ஆகிவிடும், பிறகு சாவகாசமாகப் போய் ரயில் ஏறலாம்.

அப்படியே செய்தோம். இருட்டோடு எழுந்து, பைகளை எல்லாம் வேனில் அடுக்கி, கற்பூரம் காட்டி முடித்தோம். கிளம்பியாயிற்று என்ற நிம்மதியில் அத்திம்பேர் மாடிக்குப் போய்க் குளித்துவிட்டுச் சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தார். அக்கா மல்லிகைப் பூ வாங்கப் போனாள். நண்பரும் என் கணவரும் காப்பிக்கடைக்குப் போனார்கள், அந்தக் காப்பி சரியில்லை என்று இன்னொரு கடைக்கும் போனார்கள். நேரமாகிறது என்று நான் சொன்னபோதெல்லாம் கிடைத்த பதில் ஒன்றுதான். "அதான் கிளம்பியாச்சேடி." உலகத்தில் வேறு எந்த ஜனமும் ரயிலை இப்படித் தவறவிட்டிருக்க முடியாது. நேரமாகிவிட்டது என்று பதறுகிறவன்கூட ஓடிப் போய் ஏறிவிடுவான். ஏற்கெனவே கிளம்பிவிட்டவன் எதற்கு ஓட வேண்டும்?

தங்கை போன் செய்தாள். "எங்க இருக்கேள்? எல்லாரும் ஏறியாச்சு இங்க."

"கிளம்பியாச்சு, கிளம்பியாச்சு" என்றார் அத்திம்பேர், வேட்டியைச் சரிசெய்துகொண்டே.

ஸ்டேஷன் ஒன்றும் தூரமில்லை. ஆனால் அந்த நேரத்தில் உருளைக்கிழங்கு மண்டி லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. நாங்கள் பிளாட்பாரத்துக்குள் ஓடியபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. நீலமும் வெள்ளையுமாகக் குட்டிக் குட்டிப் பெட்டிகள், பின்னால் புகை. அத்திம்பேர் மாநகரப் பேருந்தை நிறுத்துகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டு, "ஹோல்டான், ஹோல்டான்" என்று ஓடினார். முதல் பெட்டியின் ஜன்னலில் தங்கை இருந்தாள். எங்களைப் பார்த்தாள். எழுந்து கதவுப் பக்கம் வந்து இறங்கிவிடுவாளோ என்று ஒரு நிமிஷம் நான் பயந்தேன். அவள் இறங்கவில்லை.

வேனில்தான் மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு அக்கா வாந்தி எடுத்தாள். எல்லாவற்றுக்கும் தங்கைதான் காரணம் என்று குன்னூர் வருவதற்குள் முடிவாகிவிட்டது. அவள் கூட இருந்திருந்தால் எல்லோரையும் சரியான நேரத்துக்குக் கிளப்பியிருப்பாளாம். அது உண்மைதான்.

ஊட்டி ஸ்டேஷனில் நான் மட்டும் இறங்கி உள்ளே போனேன். மற்றவர்கள் குளிருக்குப் பயந்து வேனிலேயே இருந்தார்கள். ரயில் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. தங்கை நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஸ்வெட்டரில் கரித்தூள், தலையெல்லாம் கலைந்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"எப்படி இருந்தது?" என்றேன்.

"முன்னாடி எஞ்சினே கிடையாதுடி. குன்னூர் வரைக்கும் பின்னாலேர்ந்துதான் தள்றது. முன்னாடி ஒருத்தர் கொடிய வெச்சுண்டு நிக்கறார், அவருக்கு அந்தண்ட பாத்தா வெறும் காடுதான்." பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "உங்க சீட்டையெல்லாம் வெயிட்டிங்ல இருந்த ஒரு குடும்பத்துக்குக் குடுத்துட்டா. குழந்தைகள் ஒரே கூச்சல். நன்னா இருந்தது."

"மூச்சு இழுக்கலையே?"

"ரெண்டு தடவ பம்பு அடிச்சுண்டேன். சரியாப் போச்சு."

வெளியிலிருந்து வேன் ஹாரன் கேட்டது. அத்திம்பேர் ஜன்னலில் தலையை நீட்டி, "சாப்பாட்டுக்கு நேரமாச்சு, அவளையும் அழைச்சுண்டு வா" என்று கத்தினார்.

தங்கை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "மத்தியானம் இதே ரயில் கீழ போறது. நான் அதுலயே போகப்போறேன். வழியிலேயே டி.டி.ஆர்கிட்ட கேட்டேன், இன்னும் ரெண்டு இடம் இருக்காம், கவுன்ட்டர்ல எடுத்துக்கலாமாம்." என் முகத்தைப் பார்த்தாள். "நீ வரியா?"

இந்தக் குடும்பத்தில் எதற்கும் சட்டென்று ஒரு பதில் வைத்திருப்பவள் நான். அத்திம்பேருக்கு நான் சொல்லாத பதில்களைச் சேர்த்து வைத்தால் ஒரு வேன் நிரம்பும். இருந்த இரண்டு இடங்களில் ஒன்றை அவள் எனக்காகக் கேட்டு வைத்திருக்கிறாள் என்பது புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என் கணவர் நின்றிருந்தார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன்.

"சரி" என்றாள் தங்கை.

நான் வேனை நோக்கி நடந்தேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தபோது அவள் கவுன்ட்டருக்குள் பணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு டிக்கெட் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது.